சேற்றில் தேட வேண்டிய மாசு: அடையாறு, கூவம் கழிமுகங்களில் தாலேட்

சென்னையின் ஆறுகள் கெட்டுப்போனதைப் பேசும்போது நாம் தண்ணீரைத்தான் பார்க்கிறோம். கறுத்த நிறம், நாற்றம், நுரை, கரையில் வாய் திறந்து நிற்கும் சாக்கடைக் குழாய். 2020இல் வெளியான ஓர் ஆய்வு தண்ணீரை விட்டு அடியில் இருக்கும் சேற்றைப் பார்த்தது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவன ஆய்வாளர்கள், ஸ்பெயின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அடையாறு, கூவம் இரண்டின் படுகைச் சேற்றையும் அள்ளிச் சோதித்தார்கள். தேடியது ஈயத்தையோ பூச்சிமருந்தையோ அல்ல. பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்க்கப்படும் பிளாஸ்டிசைசர் ரசாயனங்களையும் (இவற்றில் பெரும்பாலானவை தாலேட் என்ற வகையைச் சேர்ந்தவை), அவற்றோடு பிஸ்பினால் ஏ என்ற சேர்மத்தையும் தேடினார்கள்.

கிடைத்தது இது. ஒரு கிராம் சேற்றில் பிளாஸ்டிசைசர்களின் கூட்டுத்தொகை அடையாற்றில் ஏறத்தாழ 50 நானோகிராமிலிருந்து 1,800 வரை (நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). கூவத்தில் ஏறத்தாழ 30இலிருந்து 850 வரை. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே சேர்மம்: டை எத்தில் ஹெக்சைல் தாலேட், சுருக்கமாக டி.இ.எச்.பி. ஆறுகளைச் சீரமைக்கும் வேலைக்கு முன்பாகவே இதை அளந்து வைத்திருக்க வேண்டும். சீரமைப்பு என்றால் நம் ஊரில் முதலில் வருவது தூர்வாரும் இயந்திரம். அது அள்ளப்போவதும் இதே சேற்றைத்தான். அதனால்தான் இந்த ஆய்வை எடுத்துவைத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து வருகிறது

பி.வி.சி. தன்னளவில் விறைப்பான பிளாஸ்டிக். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இருப்பது அந்த விறைப்பு வகை. அதையே ஒயர் மேலுறையாக, ரெக்சினாக, செருப்பாக, மருத்துவமனை டிரிப்ஸ் குழாயாக, ரத்தப் பையாக மாற்ற வேண்டுமானால் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை அதற்குள் கலக்க வேண்டும். அப்படிக் கலப்பதில் உலகெங்கும் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது டி.இ.எச்.பி. மெத்தென்ற பி.வி.சி. பொருளின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை இந்தத் திரவமே இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை. இழைகளுக்கு இடையே தங்கியிருக்கிறது, அவ்வளவே. வெயில் பட்டால் ஆவியாகக் கசியும். எண்ணெய் பட்டால் இறங்கும். எரித்தால் புகையோடு போகும். பழைய ரெக்சின் இருக்கை விறைத்து வெடிப்பது, அதிலிருந்த திரவம் இத்தனை ஆண்டுகளில் வெளியேறிவிட்டதால்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பெரிய வாசல் உண்டு: ஃபிளெக்ஸ் பேனர். பாலியெஸ்டர் வலைத்துணியின் மேல் மெத்தென்ற பி.வி.சி. பூசிய தாள் அது. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று கட்டிய பேனர் விழா முடிந்ததும் குப்பைக்குப் போவதில்லை. குடிசைக் கூரைக்கு, கடைத் தாழ்வாரத்துக்கு, மீன் வலையை மூடி வைக்க என்று ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அடுத்து, மின்னணுக் கழிவு. செம்புக்காக ஒயரை உரிக்கும், எரிக்கும் வேலை வடசென்னைப் பகுதிகளில் நெடுநாளாக நடக்கிறது. அந்த ஆய்வும் மின்னணுக் கழிவைப் பிரிக்கும் இடங்களை ஒட்டிய சேற்றில் அளவு கூடியிருப்பதைச் சுட்டியது.

இலகுவான தாலேட்டுகள் வேறு வழியில் வருகின்றன. டை எத்தில் தாலேட் வாசனைப் பொருள்களில் மணத்தைப் பிடித்து வைக்கும் கரைப்பான். அகர்பத்தியிலும் அழகுப் பொருள்களிலும் உண்டு. குளித்த தண்ணீரோடு சாக்கடைக்குப் போய் அங்கிருந்து ஆற்றுக்கு வருகிறது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. நல்ல நடவடிக்கை, அதில் ஐயமில்லை. ஆனால் கேரி பேக் பாலித்தீன். அது தானாகவே நெகிழும். அதற்கு தாலேட் தேவையில்லை. ஆற்றில் மிதந்து கண்ணை உறுத்தும் பை குறைந்தால் சேற்றிலுள்ள டி.இ.எச்.பி.யும் குறைந்துவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கழிமுகம் ஏன் பிடித்து வைக்கிறது

இந்தச் சேர்மங்களின் போக்கைத் தீர்மானிப்பது அவை நீரில் கரையும் அளவு. டை எத்தில் தாலேட் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு கிராம் கரையும். டி.இ.எச்.பி. கரைவதோ லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் அளவுதான். லட்சக்கணக்கான மடங்கு வேறுபாடு. ஆகவே சாக்கடையோடு வரும் டி.இ.எச்.பி. தண்ணீரில் தங்க இடமில்லாமல் கிடைத்த துகளில் ஒட்டிக்கொள்கிறது. களிமண், மக்கிய இலை, மலத்துகள், எண்ணெய்ப் படலம் என்று கரிமப் பொருள் எதில் அதிகமோ அதில் அதிகமாக ஒட்டும். சாக்கடை கலந்த நகர ஆற்றில் அப்படிப்பட்ட துகளுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தத் துகள் கடலை நெருங்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்த நுண்களிமண், உப்பு கலந்ததும் திரண்டு கட்டியாகி அடியில் இறங்குகிறது. கரைந்திருந்த கொஞ்ச தாலேட்டுக்கும் உப்புநீரில் கரைதிறன் இன்னும் குறைவதால் அதுவும் துகளை நோக்கித் தள்ளப்படுகிறது. எந்த நாட்டுக் கழிமுகமானாலும் இதுதான் நியதி. தைவானின் காவோசியுங் துறைமுகத்தில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: துறைமுகத்துக்குள் வந்து விழும் ஆறுகளின் வாய்ப்பகுதிச் சேற்றில் தாலேட் அதிகம், துறைமுகத்தின் உள்பக்கம் போகப் போகக் குறைவு.

சென்னையில் இதற்கு மேல் ஒரு சிக்கல். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். கழிமுகத்தைத் தினமும் அலசிவிட அதற்கு வலுவில்லை. கடற்கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் அந்த மணல் அதன் தென்புறம் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. கூவத்தின் வாய் துறைமுகத்துக்குச் சற்றே தெற்கில், மணல் தேங்கும் இடத்திலேயே இருக்கிறது. அடையாற்றின் வாயிலும் கோடையில் நீர்வரத்து குறைந்ததும் மணல்திட்டு எழுந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர்ப் பக்கத்து உடைந்த பாலத்துக்கும் இடையே நடந்து போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வந்துதான் அந்தத் திட்டை உடைக்க வேண்டும். அதுவரை மாதக்கணக்கில், மேலே இருந்து வரும் சாக்கடை வண்டல் முழுவதும் மணல்திட்டுக்குப் பின்னால் படிகிறது. இரண்டு ஆறுகளோடும் வந்து சேரும் பக்கிங்காம் கால்வாய் தன் பங்கையும் கொண்டுவந்து கொட்டுகிறது.

படிந்த சேறு கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அங்கே ஆக்சிஜன் இல்லை என்பதே. இது மிக முக்கியம். காற்றோட்டமுள்ள நீரில் தாலேட்டை நுண்ணுயிர்கள் சில நாள்களில் அல்லது வாரங்களில் சிதைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாச் சேற்றில், அதுவும் டி.இ.எச்.பி. போன்ற நீண்ட கிளைகள் கொண்ட சேர்மம் என்றால், சிதைவு மிக மெதுவாகவே நடக்கும். ஆற்று நீரை மட்டும் அளக்கிறவருக்கு ‘மாசு குறைவு’ என்ற விடை கிடைக்கலாம். மாசு கீழே இறங்கியதால் கிடைத்த விடை அது.

காவிரியில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்விலும் இதே பிரிவினை தென்பட்டது: தண்ணீரில் இலகுவான தாலேட்டுகள், சேற்றில் டி.இ.எச்.பி. ஓடும் காவிரியிலேயே அப்படி என்றால், ஓட்டம் நின்று தேங்கும் கூவத்தின் வாயில் என்னவாகும் என்பதை ஊகிக்கலாம்.

அளப்பதில் உள்ள சங்கடம்

தாலேட்டை அளப்பது ஆய்வகத்துக்கே சவாலான வேலை. ஆய்வகத்தில் பாதிப் பொருள் பிளாஸ்டிக். கையுறை, குழாய், மூடி, தரைவிரிப்பு, ஏன் அறைக் காற்றின் தூசியிலும் தாலேட் உண்டு. மாதிரியை பிளாஸ்டிக் பையில் எடுத்தால் ஆற்றை அளக்கிறோமா பையை அளக்கிறோமா என்று தெரியாது. எஃகுக் கரண்டி அல்லது எஃகுக் கவ்வியால் அள்ளி, கரைப்பானில் கழுவிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, சூட்டடுப்பில் சுட்டெடுத்த அலுமினியத் தாளால் மூட வேண்டும். ஒவ்வொரு தொகுதியோடும் சேறே இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் அதே வழியில் ஓட்டி, அதில் வரும் அளவைப் பார்த்தே மற்றவற்றைத் திருத்த வேண்டும். சேர்மங்களைப் பிரித்து நிறையைக் கொண்டு அடையாளம் காணும் கருவியில் (வாயு வண்ணப்படிவியும் நிறைநிறமாலைமானியும் சேர்ந்தது) பெரும்பாலான தாலேட்டுகள் நிறை 149 கொண்ட ஒரே துண்டாக உடைந்து காட்சி தரும்; அது நல்ல அடையாளம்தான். ஆனால் ஆய்வகத் தூசியிலிருந்து வந்த தாலேட்டும் அதே 149ஐத்தான் காட்டும். வெற்று மாதிரியின் விவரம் தராத அறிக்கையில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன்.

எண்களை எப்படி வாசிப்பது

ஒரு கிராமுக்கு 1,800 நானோகிராம் அதிகமா? அடையாற்றின் அந்த உச்ச அளவில் முக்கால் பங்கு டி.இ.எச்.பி. என்று வைத்துக்கொண்டால் 1,350 வருகிறது. கடலோரச் சேற்றுக்கென அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்காக 1990களில் வகுக்கப்பட்ட இரு கோடுகள் உண்டு: 182 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அடித்தள உயிர்களுக்குப் பாதிப்பு அரிது, ஏறத்தாழ 2,650க்கு மேலே போனால் பாதிப்பு எதிர்பார்க்கத் தக்கது. அடையாற்றின் உச்சம் இந்த இரண்டுக்கும் இடையே விழுகிறது. தைவான் வகுத்த சேற்றுத் தரக் குறியீட்டில் கீழ்க்கோடே 1,970. மேல்கோடு அதன் பத்து மடங்கு. அதன்படி அடையாறு கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

ஒரே சேற்றுக்கு இரண்டு தீர்ப்பு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இவை எல்லாம் ‘இங்கே மேலும் பார்’ என்று சொல்லும் வடிகட்டிக் கோடுகள். பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. எனக்குக் கவலை தருவது உச்ச எண் அல்ல, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. ஒரே ஆற்றில் 50இலிருந்து 1,800 வரை என்றால் முப்பத்தாறு மடங்கு. இப்படிப்பட்ட ஆற்றில் இரண்டு மூன்று மாதிரி எடுத்து சராசரி போட்டால் எந்த விடையையும் வரவழைத்துவிடலாம்.

தண்ணீருக்கான வரம்புகள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் டி.இ.எச்.பி.யை முன்னுரிமைப் பொருள்களில் சேர்த்து, மேற்பரப்பு நீரில் ஆண்டுச் சராசரி லிட்டருக்கு 1.3 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 8, அமெரிக்கா சொல்வது 6. இந்தியாவில் பொம்மைகளுக்கு தாலேட் வரம்பு வந்துவிட்டது. 2021 ஜனவரி முதல் அவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளைத் தரம் பிரிக்கும் அளவுகோல்களில் இருப்பவை கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, கோலிஃபார்ம், அமிலத்தன்மை போன்றவை. தாலேட் அந்தப் பட்டியலில் இல்லை.

மடவை மீன்

சேற்றில் ஒட்டியிருப்பது அங்கேயே இருந்துவிட்டால் யாருக்கு என்ன என்ற கேள்வி நியாயமானது. கழிமுகத்தில் அது அங்கேயே இருப்பதில்லை. மடவை மீனைப் பாருங்கள். அது சேற்றை வாயில் வாரி, பாசியையும் மக்கலையும் வடித்துத் தின்னும் மீன். வீச்சு வலையில் அடையாற்று வாயில் கிடைக்கும் மீன்களில் அதுவும் ஒன்று. இறாலும் நண்டும் சேற்றை ஒட்டியே வாழ்பவை. பெருவெள்ளம் வேறு இருக்கிறது: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரம் கண்ட வெள்ளம், படிந்ததைக் கிளறிக் கரைக்குடியிருப்புக்கும் கடலுக்கும் கொண்டுபோகும் வகை வெள்ளம்.

பயத்தை மிகைப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. பாதரசம்போல தாலேட் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகப் பெருகுவதில்லை. கனடாவின் வான்கூவர் நகருக்குள் புகும் ஃபால்ஸ் கிரீக் உப்பங்கழியில் பாசி முதல் சுறா வரை பல உயிர்களை அளந்து 2004இல் வெளியான ஆய்வு, டி.இ.எச்.பி. மேல்நிலை மீன்களில் குறைந்துகொண்டே போவதைக் காட்டியது. மீனின் உடல் அதைச் சிதைத்துவிடுகிறது. ஆக, அதிகம் தாங்குவது சங்கிலியின் அடியில், சேற்றிலேயே வாழும் உயிர்கள். சிதைந்து உருவாகும் பொருளும் சும்மா இருப்பதில்லை. கருவிலிருக்கும் ஆண் எலிகளில் ஆண் ஹார்மோன் உருவாவதை டி.இ.எச்.பி. தடுப்பது ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் நிறுவப்பட்ட ஒன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய சாத்தியமுள்ள 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அடையாற்று வாயை ஒட்டிய ஊரூர், சீனிவாசபுரம் மீனவர்களுக்கு ‘சாப்பிடலாம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்ல வேண்டுமானால், அவர்கள் வலையில் விழும் மடவையின் சதையையும் ஈரலையும் பருவம்தோறும் அளந்திருக்க வேண்டும். ஆற்றைக் கெடுத்தது அவர்கள் அல்ல. அந்த அளவீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தாகோமா காட்டும் பாடம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தாகோமா என்ற துறைமுக நகரம். புயாலப் ஆறு கடலில் சேரும் காமென்ஸ்மென்ட் விரிகுடாவில், தியா ஃபாஸ் என்ற நீர்வழி ஊருக்குள் நுழைகிறது. நூறாண்டுத் தொழிற்சாலைக் கழிவு படிந்த அந்த இடம் 1983இல், தூய்மைப்படுத்த வேண்டிய மாசுபட்ட இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. பெரும் பொருட்செலவில் சேற்றை வாரியும், வார முடியாததை நல்ல மண்ணால் மூடியும் 2006இல் வேலையை முடித்தார்கள். பிறகு கண்காணித்தபோது, புதிதாகப் போட்ட நல்ல மண்ணின் மேல் மீண்டும் டி.இ.எச்.பி. படியத் தொடங்கியிருந்தது. மழைநீர் வடிகால் வாய்களை ஒட்டித்தான் அதிகம்.

தாகோமா, சியாட்டில் நகர நிர்வாகங்களும் மாநிலச் சூழலியல் துறையும் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து ஒரு பணிக்குழு வைத்துக் காரணத்தைத் தேடின. குற்றம் சாட்ட ஓர் ஆலைக் குழாய் கிடைக்கவில்லை. நகரமெங்கும் இருக்கும் மெத்தென்ற பி.வி.சி. பொருள்களிலிருந்து காற்றில் கசிவது, தூசியில் ஒட்டுவது, தூசி தெருவில் படிவது, மழை அதை வடிகாலுக்குள் அடித்துச் செல்வது, வடிகால் கழிமுகத்தில் கொட்டுவது: இந்த வழிதான் முதன்மையானது என்று பணிக்குழு முடிவுக்கு வந்தது.

சென்னைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே சாக்கடை நேராகவே ஆற்றில் விழுகிறது. தாகோமாவில் அப்படி இல்லை. ஆனால் சாக்கடையை முழுவதும் தடுத்துவிட்டாலும் மழைநீர் வடிகால் வழி திறந்தே இருக்கும் என்பது அங்கிருந்து நமக்குத் தெரிகிறது. கூவம் சீரமைப்புக்கு மட்டும் 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. கரையில் குடியிருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அத்தனை செலவும் அத்தனை பேரின் இடப்பெயர்வும் நடந்த பிறகு, வாரிய இடத்தில் பழைய சேறே திரும்பச் சேருமானால் அதை ஏற்க முடியாது.

செய்யக் கூடியது

தூர்வாரும் ஒப்பந்தத்தில் இன்று கேட்கப்படுவது எத்தனை கன மீட்டர் என்பதுதான். அதோடு, அள்ளுவதற்கு முன் கழிமுகத்தின் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய் இறக்கி, மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகச் சேற்றை வெட்டி அளக்க வேண்டும். மேலடுக்கு இந்தச் சில ஆண்டுகளின் கணக்கு, கீழடுக்கு பழைய கணக்கு. கரிமப் பொருள், துகளின் பருமன் இரண்டையும் கூடவே அளக்காவிட்டால் ஓர் இடத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் தூர்வாரிய மண்ணைக் கடலில் கொட்ட அனுமதி கேட்டால் வேதிச் சோதனையோடு, அதில் உயிர்கள் பிழைக்கின்றனவா என்ற சோதனையும் தேவைப்படும். இங்கே அள்ளிய சேறு கரையைப் பலப்படுத்தவோ பள்ளம் நிரப்பவோ பூங்காவுக்கோ போகுமுன் அந்த வேதிச் சோதனையாவது நடக்க வேண்டும். குவித்து வைத்த சேற்றிலிருந்து வடியும் நீர் எங்கே போகிறது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டி.இ.எச்.பி.க்குப் பதிலாகச் சந்தைக்கு வந்துவிட்ட புதிய பிளாஸ்டிசைசர்களையும் பட்டியலில் சேர்க்காவிட்டால், பழையது குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவோம்.

மூலத்தைத் தேடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. தாகோமாவில் வடிகால் குழாய்களுக்குள் வண்டல் பொறிகளை வைத்து, எந்தக் கிளையிலிருந்து அதிகம் வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். சென்னையில் அதற்கும் தேவை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி மழைநீர் வடிகால்களைத் தூர்வாருகிறது. அள்ளிய வண்டல் தெருவோரம் குவிந்து கிடக்கும். அடையாற்றிலும் கூவத்திலும் வந்து சேரும் ஒவ்வொரு வடிகாலின் குவியலிலிருந்தும் ஒரு கண்ணாடிக் குப்பி அளவு எடுத்து, எந்த வார்டு, எந்தத் தெரு என்று எழுதி, வெற்று மாதிரியோடு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அடுத்த மழைக்குள் வார்டு வாரியான தாலேட் வரைபடம் கையில் இருக்கும்.